அனுமதி 15,000 டாலர். உச்சிக்கு உத்தரவாதம் இல்லை

1953-ல் எவரெஸ்ட்டுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் குழுவுக்குக் குளிரையும் காற்றையும்விட நாள்காட்டிதான் பெரிய பயம். அப்போது நேபாள அரசு ஆண்டுக்கு ஒரு நாட்டுக்குத்தான் எவரெஸ்ட் அனுமதி கொடுத்தது. 1952 சுவிட்சர்லாந்தின் முறை. 1953 பிரிட்டனுக்கு. 1954 பிரான்ஸுக்கு. முந்தைய ஆண்டே சுவிஸ் வீரர் ரேமண்ட் லாம்பெர்ட்டும் டென்சிங் நோர்கேயும் உச்சிக்குச் சுமார் 250 மீட்டர் மிச்சமிருக்கும் இடம்வரை போய்த் திரும்பியிருந்தார்கள். பிரிட்டிஷார் கோட்டைவிட்டால் அடுத்து வரிசையில் நிற்பது பிரெஞ்சுக்காரர்கள். மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியும் அதே டென்சிங்கும் உச்சியைத் தொட்டதும் லண்டன் துள்ளிக் குதித்ததில், 'நம்ம முறையிலேயே முடிந்ததே' என்ற நிம்மதிக்கும் பங்கு உண்டு.

ஆண்டுக்கு ஒரு குழு ஏறிய அதே மலைக்கு 2023 வசந்த காலத்தில் மட்டும் 478 வெளிநாட்டவருக்கு நேபாளம் அனுமதி கொடுத்தது. அந்த ஒரு பருவத்தில் உயிரிழந்தவர்கள் 17 பேருக்குக் குறையாது. மலை அதேதான். வழியும் பெரிதாக மாறவில்லை. மாறியது, காட்மாண்டுவில் சுற்றுலாத் துறை அலுவலகத்தில் கையெழுத்தாகும் ஒரு தாள்.

2025 செப்டம்பர் 1 முதல் அந்தத் தாளின் விலை ஏறியிருக்கிறது. வசந்த காலத்தில் தென்கிழக்கு முகட்டு வழியாக எவரெஸ்ட் ஏற, வெளிநாட்டவர் தலைக்கு 11,000 டாலர் கட்டிவந்தார்கள்; இப்போது 15,000 டாலர். நம் பணத்தில் சுமார் 13 லட்சம் ரூபாய். இலையுதிர் காலத்துக்கு 7,500, குளிர்காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் 3,750. 75 நாள் செல்லுபடியான அனுமதி 55 நாளாகக் குறைந்துவிட்டது. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறுபவர் இருவருக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம். நெரிசல், குப்பை, உயிரிழப்பு இவற்றுக்கெல்லாம் மருந்து என்று இந்த மாற்றங்கள் முன்வைக்கப்படுகின்றன. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அனுமதிச் சீட்டு மலைக்காக எழுதப்படுவதில்லை. அதைக் கொடுக்கும் அரசுக்கு என்ன வேண்டுமோ அதற்காக எழுதப்படுகிறது. இமயமலையின் நூறாண்டுக் கதை முழுக்க இதற்குச் சாட்சி.

லாமாக்கள் ஆடிய ஆட்டம்

எவரெஸ்ட்டுக்கு முதல் அனுமதி நேபாளத்திலிருந்து வரவில்லை. நேபாளத்தின் கதவு அப்போது அந்நியருக்குச் சாத்தியிருந்தது. 13-ம் தலாய் லாமாவின் சம்மதத்தோடு திபெத் வழியாகத்தான் 1921, 1922, 1924 பிரிட்டிஷ் குழுக்கள் மலையை நெருங்கின. மல்லோரியும் இர்வினும் காணாமல்போன 1924 பயணத்தை ஜான் நோயல் படமாக எடுத்தார். லண்டனில் படம் ஓடும்போது மேடையில் ஆட, திபெத்திலிருந்து லாமாக்கள் சிலரை அழைத்துப்போய்விட்டார்கள். மடத்து ஆட்டம் கேளிக்கை மேடைக்கு வந்ததும், படத்தில் தங்கள் மக்களைக் காட்டியிருந்த விதமும் திபெத் தலைநகர் லாசாவைக் கொதிக்க வைத்தன. அடுத்த எவரெஸ்ட் குழுவுக்கு அனுமதி கிடைத்து மலைக்குப் போனது 1933-ல்தான். உயிர்ச்சேதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்ட லாசா, அவமதிப்பைப் பொறுக்கவில்லை.

1950-ல் திபெத் சீனாவின் கைக்குப் போனது. வடக்கு வாசல் மூடியது. ஏறத்தாழ அதே சமயத்தில் தெற்கு வாசல் திறந்தது. 1950 ஜூன் 3 அன்று பிரெஞ்சுக் குழு நேபாளத்தின் அன்னபூர்ணாவை ஏறி முடித்தது. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதன் ஏறியது அதுவே முதல் முறை. வாசல் திறந்தது என்றாலும் எப்போது வேண்டுமானாலும் சாத்தக்கூடிய வாசல்தான் அது. 1962-ல் நான்கு பேர் கொண்ட ஒரு மேற்கத்தியக் குழு, கியாசுங் காங் சிகரத்துக்கென்று நேபாளத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் எல்லையைத் தாண்டி திபெத் பக்கமாக எவரெஸ்ட்டில் ஏறப் பார்த்தது. தலைவர் உட்ரோ வில்சன் சேயர், முன்னாள் அமெரிக்க அதிபரின் பேரன். உச்சிக்குப் போகவில்லை, உயிரோடு திரும்பியதே பெரிய விஷயம். மறுஆண்டு அமெரிக்காவின் பெரிய எவரெஸ்ட் பயணம் காத்திருந்தது. இந்த நால்வரால் அது கெட்டுவிடுமோ என்று வாஷிங்டன் பதறியது. எல்லைப் பதற்றம் கூடியபோது, 1960-களின் நடுவில் நேபாளம் சில ஆண்டுகள் மலையேற்றத்தையே நிறுத்திவைத்தது. 1969-ல்தான் மறுபடி திறந்தது.

இன்றும் அந்தக் குணம் போகவில்லை. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக் சுடரை எவரெஸ்ட் உச்சிக்குக் கொண்டுபோக சீனா வடக்குப் பக்கத்தை மற்றவர்களுக்கு மூடியது. அதன் விருப்பத்துக்கு இசைந்து நேபாளமும் மே 10 வரை தெற்குப் பக்கத்தில் உயரமான முகாம்களுக்குப் போவதைத் தடுத்து வைத்தது. பணம் கட்டியவர்கள் அடிவார முகாமில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண்ணிக்கை போய், விலை வந்தது

நேபாளத்தின் விலைக் கணக்கைப் புரிந்துகொள்ள 1990-களுக்குப் போக வேண்டும். 1991-ல் எத்தனை பேர் கொண்ட குழுவானாலும் எவரெஸ்ட் ராயல்டி, அதாவது அனுமதிக் கட்டணம், 2,300 டாலர்தான். அதற்குள் காசு வாங்கிக்கொண்டு உச்சிக்கு அழைத்துப்போகும் தொழில் முளைத்துவிட்டது, கூட்டம் கூடியது. உடனே 10,000 டாலர். கூட்டம் குறையவில்லை. 1993 செப்டம்பரில் ஐந்து பேர் குழுவுக்கு 50,000 டாலர், கூடவே ஒரு பருவத்துக்கு நான்கு குழுக்கள்தான் என்ற கட்டுப்பாடு.

கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி வரி. விலையோடு எண்ணிக்கையையும் கட்டியது அப்போதுதான். நடந்தது என்ன? சீனா பெரிய குழுவுக்கும் 15,000 டாலர்தான் வாங்கியது. எத்தனை குழு என்ற கட்டுப்பாடும் இல்லை. வாடிக்கையாளர்கள் திபெத் பக்கம் போனார்கள். எவரெஸ்ட் அடிவாரத்தில் கும்பு பள்ளத்தாக்கின் ஷெர்பாக்களுக்கு வேலை போனது. 1996-ல் நேபாளம் நான்கு குழுக் கட்டுப்பாட்டைத் தூக்கியெறிந்தது. விலையை மட்டும் விடவில்லை: ஏழு பேருக்கு 70,000 டாலர். அதே 1996 மே 10 அன்று உச்சியருகே புயலில் சிக்கி எட்டுப் பேர் இறந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதால்தான் இறந்தார்கள் என்று சொல்லமுடியாது. இரண்டு மலைநாடுகள் போட்டிபோடும்போது எண்ணிக்கையைக் கட்டும் நாடு நட்டப்படும் என்ற பாடத்தை காட்மாண்டு அப்போது கற்றது, இன்னும் மறக்கவில்லை.

2015-ல் குழுக் கணக்கு போய், தலைக்கு 11,000 என்றானது. ஏழு பேர் சேர்ந்தால்தான் மலிவு என்ற கட்டாயம் போனதால் தனித்தனியாக வருவது எளிதாயிற்று. 2019-ல் 381 அனுமதிகள். அந்த மே 22 அன்று மலையேறி நிர்மல் புர்ஜா எடுத்த படம் உலகெங்கும் சுற்றியது: உச்சிக்குப் போகும் கத்திமுனை முகட்டில், ரேஷன் கடை வரிசையாய் மனிதர்கள். கூட்டத்துக்குக் காரணம் அனுமதி எண்ணிக்கை அல்ல, நல்ல வானிலை குறைந்த நாட்களே கிடைத்தது என்று அரசுத் தரப்பு சொன்னது. பாதி உண்மை. வானிலை சரியாக இருக்கும் நாட்கள் மே மாதத்தில் எப்போதும் சிலதான். அதை வைத்துத்தானே எத்தனை பேர் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்?

4,000 டாலர் உயர்வு யாரையும் தடுக்காது. ஆக்சிஜன் சிலிண்டர், ஷெர்பா கூலி, கூடாரம், சாப்பாடு, விமானம் எல்லாம் சேர்த்து ஒரு எவரெஸ்ட் பயணத்துக்கு வெளிநாட்டவர் செலவழிப்பது 40,000 டாலருக்கு மேலே. ஆடம்பர ஏற்பாடென்றால் ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணம் கட்டத் துணிந்தவருக்கு இந்த ஏற்றம் ஒரு பொருட்டல்ல. பொருட்டாக இருப்பது நம் ஊர்களைப் போன்ற இடங்களிலிருந்து நன்கொடை திரட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு. 2024-ல் நேபாள உச்ச நீதிமன்றம், மலைகளின் தாங்குதிறனைப் பார்த்து அனுமதி எண்ணிக்கையை மட்டுப்படுத்துங்கள் என்று அரசுக்கு உத்தரவிட்டது. எத்தனை பேர் என்று எண் எதையும் நீதிமன்றம் சொல்லவில்லை. அரசு விலையைத்தான் ஏற்றியது.

தாளில் இருக்கும் அதிகாரி

வெளிநாட்டவர் நேரே போய் விண்ணப்பிக்க முடியாது. நேபாளத்தில் பதிவான ஏஜென்சி மூலம்தான் போக வேண்டும். பாஸ்போர்ட் நகல், ஏறும் வழி, காப்பீடு, உடன்வரும் நேபாளியர் பட்டியல் எல்லாம் வைத்து, ராயல்டி கட்ட வேண்டும். அண்மைவரை 4,000 டாலர் குப்பைப் பிணையமும் கட்ட வேண்டியிருந்தது; தன் மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் கொண்டுபோனதை விட்டுவிட்டு வராமல், தலைக்கு 8 கிலோ குப்பை இறக்கினால் பிணையம் திரும்பும் என்பது 2014-ல் வந்த விதி. பிணையம் பலருக்குத் திரும்பியது. உயர முகாம்களின் குப்பை அப்படியே கிடந்தது. அடிவார முகாமருகே கிடப்பதை அள்ளி 8 கிலோவைக் காட்டுவது எளிது. 7,900 மீட்டரில் தெற்குக் கணவாயில் கிழிந்து கிடக்கும் கூடாரத்தை இறக்குவது அப்படியல்ல.

ஒவ்வொரு குழுவோடும் அரசு ஒரு தொடர்பு அதிகாரியை அனுப்பும். விதிகள் மீறப்படாமல் பார்ப்பதும், உச்சி தொட்டதை உறுதிசெய்வதும் அவர் வேலை. சம்பளமும் உபகரணச் செலவும் குழுவின் தலையில். ஆனால் பலர் அடிவார முகாமையே எட்டிப்பார்ப்பதில்லை என்ற குற்றச்சாட்டு ஆண்டுக்காண்டு வருகிறது. 2016-ல் ஓர் இந்தியக் காவல்துறைத் தம்பதி ஒட்டுவேலை செய்த படங்களைக் காட்டிச் சான்றிதழ் வாங்கிய கதை வெளியானதும் நேபாளம் அவர்களுக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் மற்ற மலையேறிகள்தான்.

தாளுக்கும் மலைக்கும் உள்ள தூரம் 2014-ல் கோரமாகத் தெரிந்தது. ஏப்ரல் 18 காலை கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு உடனடியாக அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய். அன்றைய மதிப்பில் 400 டாலர். ஒரே வெளிநாட்டவரின் ராயல்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஷெர்பாக்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்தப் பருவம் அத்துடன் முடிந்தது. அப்போது அரசு வெளிநாட்டவருக்குச் செய்த சலுகை என்ன தெரியுமா? கட்டிய அனுமதி ஐந்தாண்டுகளுக்குச் செல்லும் என்று நீட்டித்தது.

ராயல்டியில் சட்டப்படி பாதி மத்திய அரசுக்கு, கால் பங்கு மாகாணத்துக்கு, மீதிக் கால் பங்கு உள்ளாட்சிகளுக்கு. உள்ளாட்சியைச் சொல்லக் காரணம் உண்டு. மலைமேல் மலம் கழித்தால் பையில் கட்டி இறக்கிக் கொண்டுவர வேண்டும் என்ற விதியை 2024-ல் கொண்டுவந்தது காட்மாண்டு அல்ல. எவரெஸ்ட் அடிவாரத்தின் கும்பு பசாங் லாமு ஊரக நகராட்சி. அந்தப் பனி உருகி வரும் தண்ணீரைக் குடிப்பவர்கள் அவர்கள்.

யார் ஏறலாம் என்பதிலும் அரசு கைவைத்துப் பார்த்தது. இரு கால்களும் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் ஏறக்கூடாது என்று 2017 இறுதியில் விதி வந்தது. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் போனார்கள். மறுஆண்டே உச்ச நீதிமன்றம் விதியை நிறுத்திவைத்தது. ஆப்கானிஸ்தானில் குண்டுவெடிப்பில் இரு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்த கூர்க்கா வீரர் ஹரி புத்த மகர், 2023 மே மாதம் செயற்கைக் கால்களோடு எவரெஸ்ட் உச்சியில் நின்றார். பாதுகாப்பின் பெயரால் அரசு கண்டுபிடித்த முதல் ஆபத்து, கூட்டம் அல்ல, இவர்.

நம் வீட்டுக் கதவு

நேபாளத்தைக் குறை சொல்வது எளிது. இந்தியாவில் கதை வேறு. இங்கே சீட்டு எல்லைக்காக எழுதப்படுகிறது. டெல்லியில் இருக்கும் இந்திய மலையேற்ற அமைப்பு வழியாகத்தான் வெளிநாட்டுக் குழுக்கள் அனுமதி பெற வேண்டும். சிகரத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், மலையேற்ற விசா எடுக்க வேண்டும், இந்தியத் தொடர்பு அதிகாரி ஒருவரோடு ஏற வேண்டும். இங்கே அவர் பெரும்பாலும் மலையேற்றம் தெரிந்தவராக, குழுவோடு மேலே போகிறவராக இருப்பார். எல்லையோரப் பகுதிகள் வெளிநாட்டவருக்குக் கட்டுப்படுத்தப்பட்டவை. 1962 சீனப் போருக்குப் பின் அந்தப் பிடி இறுகியது.

நந்தா தேவியைவிட இதற்கு நல்ல உதாரணம் இல்லை. 7,816 மீட்டர். 1936-ல் டில்மனும் ஓடெல்லும் ஏறினார்கள். அதுவரை மனிதன் ஏறியவற்றில் அதுவே உயரமான சிகரம். 1965-ல் அமெரிக்க உளவுத்துறையும் இந்திய உளவுத்துறையும் சேர்ந்து, சீனாவின் அணுச் சோதனைகளை வேவு பார்க்க அணுசக்தியால் இயங்கும் கருவியை உச்சிக்குக் கொண்டுபோகப் பார்த்தன. வானிலை கெட்டது, கருவியை வழியில் கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். மறுஆண்டு போய்ப் பார்த்தால் கருவியைக் காணோம். இன்றுவரை கிடைக்கவில்லை. நந்தா தேவிச் சரணாலயம் 1974-ல் வெளிநாட்டவருக்குத் திறந்தது. வந்த கூட்டம் காட்டைச் சிதைத்ததால் 1980-களின் தொடக்கத்தில் மறுபடி மூடி, தேசியப் பூங்காவாக்கினார்கள்.

பக்கத்திலிருக்கும் நந்தா தேவி கிழக்குச் சிகரம் திறந்தே இருக்கிறது. 2019 மே மாதம் பிரிட்டிஷ் வழிகாட்டி மார்ட்டின் மோரன் தலைமையில் அங்கே போன குழுவில் எட்டுப் பேர், பெயரில்லாத 6,477 மீட்டர் சிகரம் ஒன்றில் பனிச்சரிவில் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தியத் தொடர்பு அதிகாரி. குழு வாங்கிய அனுமதி கிழக்குச் சிகரத்துக்கு. ஏறியது வேறு சிகரம் என்று மாவட்ட நிர்வாகம் குற்றம் சாட்டியது. பெரிய சிகரத்துக்கு உடலைப் பழக்கப் பக்கத்துச் சிறு சிகரத்தில் ஏறுவது மலையேறிகளின் வழக்கம். சட்டப்படி தவறு என்பதும் சரி. பனிச்சரிவு அனுமதியைப் பார்த்து வருவதில்லை என்பதும் சரி. ஆனால் எந்தச் சரிவில் தேட வேண்டும் என்று மீட்புக் குழுவுக்குத் தெரிய வேண்டுமானால், தாளில் இருக்கும் பெயர் உண்மையாக இருந்தாக வேண்டும். அனுமதிச் சீட்டால் மலையேறிக்கே பயன் கிடைக்கும் அரிதான இடம் இது.

செயற்கைக்கோள் போன் விவகாரம் இதற்கு நேர் எதிர். மீட்பு ஹெலிகாப்டரை அழைக்க உலகெங்கும் மலையேறிகள் சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறு கருவி, தொலைத்தொடர்புத் துறையின் முன்அனுமதி இல்லாவிட்டால் இந்தியாவில் குற்றம். விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்த வெளிநாட்டவர் பலர். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்த அச்சம் ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. அனுமதி பெற்ற மலையேறிகளுக்காவது கருவியைச் சீட்டோடு சேர்த்தே தந்தால் என்ன என்றுதான் கேட்க வேண்டும்.

2019 ஆகஸ்டில் மத்திய உள்துறை 137 சிகரங்களை வெளிநாட்டவருக்கு ஒரேயடியாகத் திறந்தது: உத்தராகண்டில் 51, இமாச்சலில் 47, சிக்கிமில் 24, ஜம்மு-காஷ்மீரில் 15. பட்டியலில் கஞ்சன்ஜங்காவும் இருந்தது. சிக்கிம் கொந்தளித்தது. அந்த மலை சிக்கிம் மக்களுக்குக் காவல் தெய்வம். மாநில அரசு 2001-லேயே அதில் ஏறத் தடை போட்டிருந்தது. டெல்லியில் பட்டியல் போட்டவர்கள் கேங்டாக்கைக் கேட்டிருந்தால் அந்தப் பெயர் அதில் வந்திருக்காது.

இந்த இடத்தில் 1955-ஐச் சொல்லியாக வேண்டும். சார்லஸ் எவன்ஸ் தலைமையிலான பிரிட்டிஷ் குழு நேபாளத்தின் பக்கமிருந்து கஞ்சன்ஜங்காவுக்குப் புறப்பட்டது. அனுமதி நேபாளம் கொடுத்தது. சிக்கிமைக் கேட்க வேண்டிய கட்டாயமே கிடையாது. ஆனாலும் சிக்கிம் அரசர் வருத்தப்படுகிறார் என்று தெரிந்ததும், உச்சியில் கால் பதிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். மே 25 அன்று ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் சில அடி தூரத்தில் நின்று திரும்பினார்கள். பிறகு வந்த பல குழுக்களும் அப்படியே செய்தன. எந்தத் தாளிலும் இல்லாத அந்த விதியை மீறினால் அபராதமும் இல்லை, தடையும் இல்லை.

பூட்டான் அந்த உணர்வையே சட்டமாக்கிவிட்டது. 1983-ல் மலையேற்றத்துக்குத் திறந்து பார்த்தது. 1994-ல் 6,000 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்றது. 2003 முதல் மலையேற்றத்தையே முழுக்கத் தடைசெய்தது. 7,570 மீட்டர் கங்கார் புயென்சும் மனிதன் ஏறாத சிகரங்களில் உலகிலேயே உயரமானதாக இன்றும் நிற்பது அதனால்தான். 1990-களின் இறுதியில் ஒரு ஜப்பானியக் குழு சீனாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு திபெத் பக்கமாகக் கிளம்பியது. பூட்டான் எதிர்த்ததும் அனுமதி ரத்தாயிற்று.

தமிழருக்கும் டாலர் கணக்குதான்

1997 மே 23 அன்று எவரெஸ்ட்டில் ஏறிய முதல் மலேசியர்கள் இருவர்: மு. மகேந்திரன், நா. மோகனதாஸ். இருவரும் தமிழர்கள். அவர்கள் பின்னால் ஒரு நாடே நின்றது. 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்ற முத்தமிழ்ச்செல்வி, தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண். உதவி கேட்டுப் பல கதவுகளைத் தட்டியபின்தான் காட்மாண்டு போக முடிந்தது. நேபாளத்துக்குப் போக இந்தியருக்கு விசா வேண்டாம். ஆனால் எவரெஸ்ட்டுக்கு இந்தியரும் வெளிநாட்டவர்தான். அமெரிக்கர் கட்டும் அதே டாலரைக் கட்ட வேண்டும். நேபாளியருக்கு இப்போது ஒன்றரை லட்சம் நேபாள ரூபாய்.

அடுத்து வருவது இன்னும் கவனிக்க வேண்டியது. 2025-ல் நேபாளம் முன்வைத்த சுற்றுலா மசோதாவின்படி, எவரெஸ்ட் அனுமதி கேட்பவர் ஏற்கெனவே ஒரு 7,000 மீட்டர் சிகரத்தில் ஏறியிருக்க வேண்டும். அனுபவமில்லாதவர்களைத் தடுக்கும் நல்ல யோசனை. வெளிநாட்டு வழிகாட்டிகள் பலகாலமாகக் கேட்டுவந்ததும் இதுவே. ஆனால் அந்தச் சிகரம் நேபாளத்தில் இருக்க வேண்டும் என்கிறது மசோதா. உத்தராகண்டின் 7,756 மீட்டர் காமெட்டில் ஏறியவர், லடாக்கின் நுன்னில் ஏறியவர், சதோபந்தில் ஏறியவர் எவருக்கும் தகுதி இல்லை. உலகின் எந்த 7,000 மீட்டர் சிகரத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பயண ஏற்பாட்டாளர்கள் கோரியிருக்கிறார்கள். மசோதா அதே வாசகத்தோடு சட்டமானால், காமெட்டில் நின்று வந்த ஒரு தமிழ்நாட்டுப் பெண் எவரெஸ்ட்டுக்கு முன்னால் நேபாளத்தில் இன்னொரு சிகரத்துக்கு இன்னொரு ஏஜென்சி, இன்னொரு ராயல்டி, இன்னொரு தொடர்பு அதிகாரி என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.